அதிகமாக வரி கட்ட வந்த பெண்

அத்தியாயம் 6

"எல்லாமே கேக் வித்த பணம்தான்! முழுசுக்கும் வரி போட்டுடுங்க, மிஸ் வெர்னா!"

ஐடா கில்லியம் இதைச் சொல்லவில்லை, கத்தினாள். வெர்னா ஸ்டாலர்டின் அலுவலகத்தில் எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள். ஏன் என்று கேட்டால் வெர்னாவுக்குக் கோபம் வரும் என்பதால், டாலிவர் ஊரில் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

மாநில வரித்துறையில் இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் பொய்களைப் படித்துவிட்டு ஓய்வு பெற்றவள் வெர்னா. அறுபத்திரண்டு வயதில் இப்போது சொந்தமாக வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறாள். தொலைந்த ரசீது, மறைத்த வாடகை, இறந்துபோன நாயைக் குடும்ப உறுப்பினராகக் காட்டிய விதவை என்று அவள் மேஜை மேல் அவிழ்ந்த மர்மங்கள் ஏராளம். ஊரின் போலீஸ் தலைவர் ஷெரீஃபைப் பார்த்துச் சிரிப்பவர்கள்கூட அவளைப் பார்த்தால் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்வார்கள்.

வெர்னா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஐடாவைப் பார்த்தாள்.

"மறுபடி சொல்லு. மெதுவா."

"பதினஞ்சாயிரத்து அறுநூத்தி நாப்பது டாலர். ஃபோன்ல பணம் வாங்குற கம்பெனி அனுப்பின காகிதத்துல அப்படித்தானே போட்டிருக்கு? அதையே போட்டுடுங்க."

"உன் நோட்டுல ஒம்பதாயிரத்து நானூறுதான் இருக்கு."

"நோட்டுல எழுத மறந்திருப்பேன்."

ஓரத்து நாற்காலியில் இருந்த உதவியாளன் வெண்டல் ப்ரூயிட் ஃபைல் ஒன்றால் முகத்தை விசிறிக்கொண்டான். முப்பத்தி நாலு வயது. ஃபைல் எடுப்பது, கார் ஓட்டுவது, வேண்டாத நேரத்தில் வாயைத் திறப்பது ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரே சம்பளம்.

"மாவு மூட்டைக்கு ரசீது வெச்சிருக்கீங்க, இலவங்கப்பட்டைக்கு ரசீது வெச்சிருக்கீங்க, ஆறாயிரத்து சொச்சத்தை மறந்துட்டீங்களா?" என்று சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்பதுபோல் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

ஐடா அவனை முறைத்தாள். பகலில் பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறாக்குபவள் அவள். சனிக்கிழமை சந்தையில் ஆறடுக்கு ஆப்பிள் கேக் விற்பாள். ஒன்று நாற்பது டாலர். ரொக்கம் தொடமாட்டாள், எல்லாம் ஃபோனில்தான்.

"இங்க பாரு ஐடா," என்றாள் வெர்னா. "இந்த ஆறாயிரத்து இருநூத்தி நாப்பதையும் வருமானம்னு காட்டினா, வாஷிங்டனுக்கு ரெண்டு தடவை அழணும். ஒண்ணு வருமான வரி. இன்னொண்ணு, கேக் கடைக்கு முதலாளியும் நீதான், கூலியாளும் நீதான், அதனால ஓய்வூதிய வரியில ரெண்டு பேர் பங்கும் உன் தலையில. அது போக ரிச்மண்டுக்கு மாநில வரி. எல்லாம் சேர்த்து ஆயிரத்து எண்ணூறுக்கு மேல அதிகமாகும். புரியுதா?"

"புரியுது. கட்டிடறேன்."

"மாநில வரியுமா? போன வருஷம் அதுக்காக என்கிட்ட நாப்பது நிமிஷம் சண்டை போட்டியே!"

போட்டாள்தான். டாலிவரின் பெரிய தெருவுக்கு நடுவில் ஒரு மஞ்சள் கோடு ஓடுகிறது. வடக்குப் பக்கம், ரிச்மண்டைத் தலைநகராகக் கொண்ட வர்ஜீனியா; தெற்குப் பக்கம் டென்னஸி. சம்பாத்தியத்துக்கு வரி கேட்காத மாநிலம் டென்னஸி. அதனால் டாலிவரில் பக்கத் தொழில் தொடங்கும் ஒவ்வொருவருக்கும் ஒருநாள் அந்த ஞானம் பிறக்கும்: மேஜையைத் தூக்கித் தெருவுக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டால் என்ன? வர்ஜீனியா பக்கம் குடியிருக்கும் ஐடாவும் போட்டாள். கேக் எந்தப் பக்கம் விற்கிறது என்பது கணக்கில்லை, ராத்திரி தலையணை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் கணக்கு என்று புரியவைப்பதற்குள் வெர்னாவுக்குத் தொண்டை வற்றிவிட்டது.

அந்த ஐடா இப்போது பர்ஸைத் திறந்துகொண்டு நிற்கிறாள்.

"பணத்துக்கு எங்க போவே?"

ஐடா கொஞ்சம் தயங்கினாள். "அடுப்புக்கு வெச்சிருக்கேன்ல. அடுப்பு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

வெர்னா பேனாவை வைத்துவிட்டாள். அந்த அடுப்புக் கதை ஊருக்கே தெரியும். ஐடா வீட்டு அடுப்பில் ஒரு தட்டுதான் வேலை செய்கிறது. ஒரு நேரத்தில் இரண்டு அடுக்குதான் வேகும். மூட்டுவலியோடு காலை நாலு மணிக்கு எழுந்து சுட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். மூடப்போகிற ஓட்டல் ஒன்றின் இரட்டை அடுப்பு ஆயிரத்து எண்ணூறுக்கு வருகிறது. சனிக்கிழமைக்குள் ஐடா வாங்காவிட்டால் வேறு ஆள் தூக்கிக்கொண்டு போய்விடுவான். இன்று செவ்வாய்.

"ஃபோனைக் கொடு. யார் யார் பணம் அனுப்பினாங்கன்னு பட்டியல் இருக்கும். பாத்துடறேன்."

"ஃபோன் வீட்டுல இருக்கு," என்றாள் ஐடா. அவள் கோட்டுப் பையில் ஃபோன் மணி அடித்தது.

வெர்னா தலையைத் திருப்பவில்லை. வெண்டல் மட்டும் திடீரென்று பலமாக இருமினான். ஐடா கையால் பையை அமுக்கிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்துப் போடறேன்!" என்று கத்திவிட்டு வெளியே ஓடினாள்.

* * *

"வெண்டல், முப்பது வருஷத்துல வரியைக் குறைக்கச் சொல்லி அழுதவங்களைப் பாத்திருக்கேன், மிரட்டினவங்களைப் பாத்திருக்கேன். கூட்டச் சொல்லிக் கெஞ்சினவங்களைப் பாத்ததில்ல."

"தேசபக்தி, பாஸ்."

"ஆயிரத்து எண்ணூறு டாலருக்கா?"

"சிலபேர் கொடி வாங்குவாங்க. இவங்க வரி கட்டறாங்க. வாங்க, பீன்ஸ் ஆறிப்போகுது, சாப்பிடலாம்."

வெர்னா சாப்பாட்டைக் கவனிக்கவில்லை. அவள் விரல் கம்பெனிக் காகிதத்தில் மாதவாரியாக அச்சடித்த கட்டங்களின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஜனவரி எழுநூற்று இருபது, பிப்ரவரி அறுநூறு, கோடையில் எண்ணூறு. டிசம்பரில் வந்து நின்றது.

"டிசம்பர் மட்டும் ஏழாயிரத்து முந்நூத்தி இருபது. நோட்டுல டிசம்பருக்கு இருபத்தேழு கேக். ஆயிரத்து எண்பது. மிச்சம் அப்படியே அந்த ஆறாயிரத்து இருநூத்தி நாப்பது."

"கிறிஸ்துமஸ் பாஸ். ஜனங்க தின்னுட்டாங்க."

"நூத்தி அம்பத்தாறு கேக். கேக்குக்கு ஆறு அடுக்கு. அந்த அடுப்புல ரெண்டு ரெண்டா, தடவைக்குக் கால் மணி நேரம்." பென்சில் இரண்டு நிமிடம் ஓடியது. "நூத்திப் பதினேழு மணி நேரம் அதிகப்படியா வெந்திருக்கணும். அந்த அடுப்புக்கு வாயிருந்தா போலீஸ்ல புகார் கொடுத்திருக்கும். இது கேக் பணமே இல்ல."

வெண்டல் பீன்ஸைக் கிளறினான். எப்போதும் ஒரு பதில் வைத்திருப்பவன் அன்று ரொட்டியைப் பிய்ப்பதில் ரொம்ப அக்கறை காட்டினான்.

"வேற யாரோ தன்னோட வருமானத்தை ஐடா ஃபோன் வழியா ஓட்டியிருக்கான்," என்றாள் வெர்னா. "அந்த ஆளைக் காப்பாத்த இவ அடுப்பைப் பலி கொடுக்கறா. டிசம்பர்ல மட்டும் பணம் பாக்கற ஆளு இந்த ஊர்ல யாரு?"

"சாண்டா கிளாஸ்."

"கிறிஸ்துமஸ் மரம் விக்கிறவன். டூயி ஹாப்சன்."

வெண்டலுக்குப் புரை ஏறியது. "டூயியா? பாஸ், அவன் முடிவெட்டறவன். பாவம். வாங்க, முதல்ல காரை எடுத்துட்டுப் போய் அவன் மரம் வாங்கற தோட்டத்தைப் பாத்துட்டு வருவோம். முப்பது மைல்தான்."

"டூயி கடை நம்ம சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கு, வெண்டல். கார் எதுக்கு?"

* * *

வெர்னா உள்ளே நுழைந்ததும் முடிவெட்டும் கடை கப்பென்று அடங்கியது. டூயி ஹாப்சன் கையில் கத்தரிக்கோலோடு நின்றான். நாற்காலியில் சோப்பு நுரைக்குள் கிழவர் ஆர்வல் பூன் இருந்தார்.

"வா வெர்னா!" என்றான் டூயி. பள்ளிக்கூடத்தில் அவளோடு படித்தவன். "உனக்கும் வெட்டணுமா?"

"உன் வாலைத்தான் வெட்ட வந்திருக்கேன். டிசம்பர்ல எத்தனை மரம் வித்தே?"

"தொண்ணூத்தி நாலு! எல்லாம் உன்கிட்ட கொடுத்த கணக்குல இருக்கு. நீதானே போட்டே? நானும் இந்த ஆர்வல் மாதிரின்னு நெனச்சியா, வெறும் ஏழு கோழிக்கு நாலாயிரம் டாலர் தீவனச் செலவு எழுதச் சொல்றதுக்கு?"

நுரைக்குள்ளிருந்து ஆர்வல் முனகினார். வெர்னா கண்களைச் சுருக்கினாள்.

"அந்தக் கோழி விஷயம் நேத்து என் ஆபீஸ்ல, கதவைச் சாத்திட்டு, ஆர்வல் என்கிட்ட மட்டும் சொன்னது. உனக்கு எப்படித் தெரியும்?"

டூயி கத்தரிக்கோலைப் பார்த்தான். ஆர்வல் கூரையைப் பார்த்தார். வெண்டல் இடையில் புகுந்து, "கோழியே வந்து சொல்லியிருக்கும் பாஸ். போகலாமா?" என்றான்.

"நில்லு. டூயி, உன் மரப் பணத்தை ஐடா ஃபோன்ல வாங்கினியா, இல்லையா?"

டூயியின் முகம் சிவந்துவிட்டது. அவனை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், வெர்னாவின் பேச்சைக் கேட்காதவன் என்று மட்டும் சொல்லக் கூடாது.

"நானா? போன இலையுதிர் காலத்துல தீயணைப்பு நிலையத்துல ஊரைக் கூட்டி நீ பேசினப்போ முதல் வரிசையில உக்காந்திருந்தேன்! ஃபோன்ல பணம் அனுப்பறப்ப ரெண்டு பொத்தான் வரும், ஒண்ணு 'வேண்டியவங்களுக்கு', இன்னொண்ணு 'வியாபாரத்துக்கு'. வேண்டியவங்கன்னு அழுத்தி விக்கிறவங்களை வரித் திருடனாக்காதீங்க, கண்ணை மூடிட்டு வியாபாரத்தை அழுத்துங்கன்னு சொன்னியா இல்லையா? அன்னையிலேருந்து வியாபாரம்தான்! ஐடாவுக்கு அனுப்பினதுகூட—"

"டூயி," என்றான் வெண்டல் அவசரமாக, "கடையில தீப்பிடிச்ச வாசனை வரல?"

"சும்மா இருடா. பாரு வெர்னா, நீயே பாரு!" டூயி ஃபோனைத் திறந்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினான்.

வெர்னா படித்தாள். ஐடா கில்லியத்துக்கு அறுபது டாலர். வியாபாரம். டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு ஏழு. ஓரத்தில், இந்தக் காலத்து ஃபோன்களில் போடுவார்களே, அப்படி ஒரு சின்னப் படம்.

"கேக் நாப்பது. அறுபது எதுக்கு?"

"அது... ருசியா இருந்துச்சு."

"நானும் வியாபாரத்தைத்தான் அழுத்தினேன்," என்றார் ஆர்வல் நுரைக்குள்ளிருந்து, தன் மானத்தையும் காப்பாற்றிக்கொள்ளும் ஆசையில். "அதே ஞாயித்துக்கிழமை. பன்னெண்டு நாப்பது."

வெண்டல் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

வெர்னா மெல்ல ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். டூயி மெதடிஸ்ட் சபைக் கிறிஸ்தவன். அவர்கள் கோயில் பன்னிரண்டுக்கு விட்டுவிடும். ஆர்வல் பாப்டிஸ்ட் சபை. அவர்கள் பாதிரியாருக்கு நேரம் தெரியாது, பன்னிரண்டரைக்கு முன்னால் யாரும் வெளியே வந்ததில்லை. அதற்குள் மெதடிஸ்ட்காரர்கள் ஓட்டலில் கோழி வறுவலைக் காலி செய்திருப்பார்கள் என்பதுதான் இந்த ஊரின் நூறு வருடத் தகராறு. ஆக, ஒரே ஞாயிறு இரண்டு கோயிலிலும் வசூல் நடந்திருக்கிறது.

"மெதடிஸ்டும் பாப்டிஸ்டும் சேர்ந்து ஒரு காரியம் பண்ணதா சரித்திரமே இல்லையே," என்று முணுமுணுத்தாள். "எல்லாருக்கும் பொதுவா ஒரு கஷ்டம் இருந்தாத்தான் ரெண்டும் சேரும். இந்த ஊருக்குப் பொதுவா என்ன கஷ்டம்?"

வெர்னா ஃபோனை மறுபடி பார்த்தாள். அந்தச் சின்னப் படத்தைப் பெரிதாக்கினாள்.

அது ஒரு காது.

கடைக்கும் தன் அலுவலகத்துக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய பலகைச் சுவரைப் பார்த்தாள். அதற்கு அந்தப் பக்கம் ஆர்வல் தன் கோழிகளைப் பற்றிக் கத்தியது, ஐடா கத்தியது, ஊரே கத்துவது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. தன் ஃபோன் மணி அடிக்கும் முன்பே அதை எடுத்துவிடும் வெண்டலும் நினைவுக்கு வந்தான். மணி அடிக்கும் முன்பா, அடித்த பிறகா?

"எனக்கா?" என்றாள்.

டூயி அவள் கையிலிருந்து ஃபோனை மெல்ல வாங்கிக்கொண்டான்.

"வெண்டல். அந்தப் பட்டியல்ல உன் பேரு எத்தனையாவது?"

"முதல் பேரு, பாஸ். நூறு டாலர்."

"உன் சம்பளத்துக்கு நூறு டாலர் அதிகம்."

"ஆறு வருஷமா நானும் அதைத்தான் சொல்றேன்."

வெர்னாவுக்கு அவமானமாக இருந்தது. இத்தனை நாள் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தது, மூன்று தெரு தாண்டிப் பாப்டிஸ்ட் கோயில்வரை தெரிந்திருக்கிறது. எழுந்து நின்றாள்.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது. தவிர, வாடிக்கைக்காரங்ககிட்ட நான் ஒரு ஜாடி ஜாம்கூட வாங்கறதில்ல. பணத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

"முடியாது. காது மெஷினுக்கு ஜனவரியிலேயே கட்டியாச்சு," என்றான் வெண்டல். "ஏப்ரல் பதினாறு உங்களைக் கூட்டிட்டுப் போறதா ஏற்பாடு. வரிக் கெடு பதினஞ்சு தாண்டறவரைக்கும் உங்ககிட்ட யாரு பேச முடியும்? அப்புறம் பாஸ், ஒண்ணு புரிஞ்சுக்கணும். அது உங்களுக்கு இல்ல. எங்களுக்கு."

"அப்படீன்னா?"

"என் மூலத்துக்கு வைத்தியம் பண்ண செலவை உன்கிட்ட கத்திச் சொன்னேன் வெர்னா," என்றார் ஆர்வல் துயரத்தோடு. "சாயங்காலம் மூணு பேரு எனக்குத் தலகாணி கொண்டுவந்து கொடுத்தாங்க."

டூயிதான் முதலில் சிரித்தான். பிறகு வெண்டல். வெர்னா கண்டிப்பான முகத்தோடு கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். முடியவில்லை. அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இத்தனை பேருக்குத் தன்மேல் பிரியம் இருக்கும் என்று அவள் ஒருநாளும் கணக்குப் போட்டதில்லை.

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். உடனே பழைய வெர்னா திரும்பி வந்துவிட்டாள்.

"அட முட்டாள்களா! அன்பளிப்பை அனுப்பறப்ப எவனாவது வியாபாரப் பொத்தானை அழுத்துவானா?"

"நீதானே கண்ணை மூடிட்டு அழுத்தச் சொன்னே!"

வெர்னா வாயைத் திறந்தாள். மூடினாள். வேண்டியவங்களுக்கு என்று அழுத்தியிருந்தால் கம்பெனி அந்தத் தொகையைக் காகிதத்தில் சேர்த்தே இருக்காது. ஊர் முழுக்க அவள் பேச்சைத் தட்டாமல் கேட்டதால் ஐடாவின் தலையில் இல்லாத வருமானம் ஏறிவிட்டது. அதை இல்லை என்று நிரூபிக்கப் பட்டியலைக் காட்ட வேண்டும். பட்டியலைக் காட்டினால் வெர்னாவுக்கு விஷயம் தெரிந்துவிடும். அதனால்தான் அந்தப் பெண் அடுப்பை விட்டுக்கொடுக்கத் துணிந்திருக்கிறாள்.

"என்ன பண்ணுவோம் பாஸ்?"

"பண்ண வேண்டியதைப் பண்ணுவோம். அன்பளிப்பு வருமானமே இல்ல. காகிதத்துல தப்பா ஏறின தொகையைச் சொல்றதுக்குன்னே வாஷிங்டன் படிவத்தோட தலையில ஒரு கட்டம் இருக்கு. ஆறாயிரத்து இருநூத்தி நாப்பதை அங்க எழுதினா, கேக் கணக்குல ஒம்பதாயிரத்து நானூறுதான் நிக்கும். ரிச்மண்ட்காரங்க தனியா எண்ண மாட்டாங்க, வாஷிங்டன் படிவத்துல வந்த எண்ணை வெச்சுத்தான் ஆரம்பிப்பாங்க. மேல சரியாயிட்டா கீழயும் சரியாயிடும். நீ போய் ஐடாகிட்ட பட்டியலை வாங்கி ஒரு கவர்ல போட்டு ஒட்டி ஃபைல்ல வை. யாராவது கேட்டா காட்டலாம். எனக்கு எதுவும் தெரியாது. இந்தக் கடைக்கே நான் வரல. ஏப்ரல் பதினாறு நான் ஆச்சரியப்படப் போறேன்."

"உங்களுக்கு நடிக்க வருமா?"

"இருபத்திரண்டு வருஷம், உங்க பொய்யெல்லாம் நம்பற மாதிரி நடிச்சவ நான்."

* * *

வெள்ளிக்கிழமை மாலை ஐடா வந்தாள். அடுப்பு போயிற்று என்ற நினைப்பில் சவக்களையாக நாற்காலியில் உட்கார்ந்தாள். வெர்னா இரண்டு படிவத்தையும் அவள் முன் தள்ளினாள்.

"வாஷிங்டனுக்கு ஏப்ரல் பதினஞ்சு, ரிச்மண்டுக்கு மே ஒண்ணு. ரெண்டுலயும் ஒம்பதாயிரத்து நானூறு கேக்குக்கு மட்டும்தான் வரி. மிச்சம் ஏதோ பொத்தான் மாறின தப்பு. யாரு அனுப்பினாங்க, எதுக்கு அனுப்பினாங்கன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேண்டாம்." வெர்னா இதை ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். காது நுனிவரை சிவந்திருந்தது. "நாளைக்குக் காலையில அடுப்பு வாங்கப் போறவங்களுக்கு வெண்டல் வண்டி ஓட்டுவான்."

ஐடா எண்ணைப் பார்த்தாள். வெர்னாவைப் பார்த்தாள். டூயி கடையில் மூன்று பேருக்குத் தெரிந்த ஒரு விஷயம் பள்ளிக்கூடச் சமையலறைக்கு வந்து சேர அரைமணி நேரம் போதும். வெர்னா கண்டுபிடித்துவிட்ட சேதி செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. ஆனாலும் அவள் தெரியாதவள்போல இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டாள். படிவத்தின்மேல் ஒரு சொட்டு விழுந்தது, சட்டைக் கையால் துடைத்தாள்.

வாசலில் நின்று திரும்பினாள். அந்த அலுவலகத்தில் முதல் தடவையாக, கத்தாமல், மிக மெதுவாகச் சொன்னாள்:

"உங்களுக்கு நடிக்கவே வரல, மிஸ் வெர்னா."

கதவு சாத்திக்கொண்டது. வெர்னா வழக்கம்போலத் தலையை ஆட்டிப் புன்னகை செய்திருந்தாள். அப்புறம், ஆறு வருடத்தில் ஒருநாளும் கேட்காததை வெண்டலிடம் கேட்டாள்.

"அவ என்னடா சொன்னா?"

வெண்டல் ஒட்டின கவரை ஃபைலில் வைத்தான்.

"ஏப்ரல் பதினாறு வரைக்கும் பொறுங்க பாஸ். அவங்களையே மறுபடி சொல்லச் சொல்றேன். நீங்களே கேட்டுக்கலாம்."